நொடிக்கு முப்பத்து நான்கு மீட்டர்

என் துப்பாக்கிக் குண்டு சத்தத்தைவிட வேகமாகப் போகும் என்று நான் சொன்னதை, பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு பெண் செல்போனில் பிடித்து ஊருக்கே போட்டுவிட்டாள்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான் பலூன் சுடும் கடை வைத்திருக்கிறேன். ஒரு தட்டி, அதில் அறுபது பலூன், பத்தடி தள்ளி ஒரு கயிறு, ஒரு காற்றுத் துப்பாக்கி. சரக்கு அவ்வளவுதான். மீதியெல்லாம் வாய். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இது: "பலூன் மொதல்ல வெடிச்சிடும்மா. நீ போயி கடலை வாங்கியாந்து, உரிச்சித் தின்னுக்கிட்டு நின்னீன்னா, பாதிப் பொட்டலத்துல டுப்புன்னு சத்தம் வரும். அதான் துப்பாக்கி."

நாலு லட்சம் பேர் பார்த்தார்களாம். அதில் சப்-இன்ஸ்பெக்டர் இளவரசியும் ஒருவர்.

மாசிமகத்துக்குக் கடை போட மனு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது, அவர் மனுவைப் பார்க்கவில்லை. செல்போனை என் பக்கம் திருப்பினார்.

"பெரியவரே, இது நீங்கதான?"

"கொரலு என்னுதுதான் மேடம். மொகம் கொஞ்சம் கறுப்பா வுழுந்திருக்கு."

"சத்தம் செகண்டுக்கு முந்நூத்தி நாப்பது மீட்டர் போவுது. ஒங்க குண்டு அத முந்திடும்ன்றீங்க. லைசென்ஸ் இல்லாத காத்துத் துப்பாக்கியோட சக்தி இருவது ஜூலத் தாண்டக்கூடாது. ஒங்க அரை கிராம் குண்டுக்கு கணக்குப் போட்டுப் பாத்தேன், எரநூத்தி எம்பது மீட்டர்தான் வருது. அதுக்கு மேல போச்சுன்னா கேஸு."

"அது சும்மா ஏவாரத்துக்குச் சொல்றது மேடம்."

"இருக்கலாம். வேகத்த அளக்கறதுக்கு மிஷின் இருக்கு. கொண்டாந்து என் எதிர்ல சுட்டுக் காட்டுங்க. நம்பரப் பாத்துட்டு கையெழுத்துப் போடறேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்படுகிறவர்களைச் சமாளிக்க எனக்கு நாற்பது வழி தெரியும். கோபப்படாதவர்களுக்கு ஒரு வழியும் தெரியாது.

மாசிமகத்துக்கு எட்டு நாள் இருந்தது. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் எனக்கு அந்த வருஷமே இல்லை. அதோடு, ஒரு வருஷம் விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. பக்கத்து ராட்டினக்காரன் இப்போதே என் இடத்தில் காறித் துப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

துப்பாக்கியின் உண்மையான நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு என் வயது. குண்டு பறந்து போகும்போது ஒரு ஈ அதன்மேல் உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு, பலூன் வருவதற்குள் இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பலூன் உடைவது குண்டாலா, வெயிலாலா என்பது எனக்கே சந்தேகம்.

முதுநகரில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் முஹம்மது இஸ்மாயிலிடம் போனேன். மஸ்கட்டில் பதினோரு வருஷம் இருந்தவன். மிஷின் என்று எது இருந்தாலும் அவனிடம்தான் கேட்க வேண்டும்.

"க்ரோனோகிராஃப்னு சொல்லுவாங்க மாமா," என்று செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "வகை வகையா இருக்கு. இது ஆயிரம் மீட்டர் வரைக்கும் அளக்குமாம். இது ஆயிரத்தி ஐநூறு."

"எவ்ளோ மெதுவா போனா அளக்கும்னு பாரு மாப்ள."

"அத எவன் மாமா பெருசா போடுவான்? நத்தைக்கு ஸ்பீடாமீட்டர் வாங்கப் போறோமா?"

என் மனைவி அமிர்தம் மிக்ஸி ஜாரை வாங்கிப்போக வந்தவள், வாசலிலேயே நின்று, "வாய அளக்கற மிஷின் இருந்தா சொல்லு இஸ்மாயிலு, மொத அத வாங்கலாம்," என்றாள்.

சிதம்பரம் கீழவீதியில் தமிழ்மணி என்பவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். போட்டிக்குச் சுடும் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிச் சாமான் தருகிறார். அவரிடம் மூன்று வகை மிஷின் இருக்கிறது என்று இஸ்மாயில் கண்டுபிடித்தான். மறுநாள் காலை பஸ் ஏறினோம். துப்பாக்கியைக் கைலியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். நாயனம் என்றேன். புதுச்சத்திரம் வருவதற்குள், அவர் மகள் கல்யாணத்துக்கு ஆவணி இருபதாம் தேதி வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இஸ்மாயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தமிழ்மணி நல்ல மனிதர். மூன்று மிஷினையும் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "ஐயா, துப்பாக்கி என்ன வேகம் இருக்கும்?" என்று கேட்டார்.

"கம்மியா இருந்தா நல்லது," என்றேன்.

"கம்மியா இருக்கணும்னு வர்ற மொத கஸ்டமர் நீங்கதான்."

முதல் மிஷின் ரேடார். ஒரு சிலேட்டு அளவுதான் இருந்தது. ரோட்டில் வண்டி வேகத்தைப் பிடிப்பதுபோல, துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்று, போகும் குண்டைப் பின்னாலிருந்து பார்த்து வேகம் சொல்லுமாம். தமிழ்மணி அதன் விலையைச் சொன்னார். இஸ்மாயில் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். உட்கார்ந்தபடியே கடைக்குப் பின்னால் இருந்த மணல் பெட்டியில் சுட்டேன். திரை காலியாக இருந்தது. இன்னொரு தடவை சுட்டேன். அப்போதும் காலி.

"பெரிய ரைஃபிளுக்குன்னு செஞ்சது," என்றார் தமிழ்மணி. "அறுவது மீட்டருக்கு மேல போனாதான் இது கண்ணத் தொறக்கும்."

"காலியா இருந்தா மேடம் ஒத்துக்குவாங்களா?" என்று இஸ்மாயிலைக் கேட்டேன்.

"காலியா இருந்தா அவுங்க என்னத்த மாமா எழுதுவாங்க?"

இரண்டாவது, குழாய் முனையில் மாட்டுவது. சின்ன டப்பா, விலையும் குறைச்சல். குண்டு அதற்குள் நுழைந்து வெளியே வரும்போது எண் விழும். மாட்டிச் சுட்டேன். நுழைந்த குண்டு வெளியே வரவில்லை. தமிழ்மணி டப்பாவைக் கழற்றி, உண்டியலைக் குலுக்குவதுபோலக் குலுக்கினார். குண்டு மேஜையில் விழுந்து உருண்டது.

"ஐயா, குழா கொஞ்சம் வலப்பக்கம் வளைஞ்சிருக்கு."

"அது அப்பிடித்தான் வாங்கனது," என்றேன். குறி தப்பட்டும் என்று நான் வளைத்தது முப்பது வருஷத்துக்கு முன்னால், வாங்கினதுக்குச் சமம்தான்.

மூன்றாவதற்கு இரண்டு கண். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளைக் குடை மாதிரி ஒரு தகடு. குண்டின் நிழல் முதல் கண்ணைத் தாண்டும்போது நேரம் தொடங்கும், இரண்டாவதைத் தாண்டும்போது நிற்கும். தமிழ்மணி சுவிட்சைப் போட்டார். உடனே திரையில் நானூற்றுப் பன்னிரண்டு என்று விழுந்தது.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தியா மாப்ள!"

"மாமா, நீங்க இன்னும் சுடவே இல்ல."

"டியூப்லைட்டுங்க," என்றார் தமிழ்மணி. "நம்ம கண்ணுக்குத் தெரியாம அது விட்டு விட்டு எரியுது. அதக் குண்டுன்னு நெனச்சிக்குது. வெயில்லதான் இது உண்மையச் சொல்லும்."

மொட்டை மாடிக்குப் போனோம். சுட்டேன். முப்பத்து நான்கு.

மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துக்க வீட்டில் பேசுகிற குரலில் தமிழ்மணி சொன்னார்: "செகண்டுக்கு முப்பத்தி நாலு மீட்டர். சத்தத்துல பத்துல ஒரு பங்கு."

வேறு வழி இல்லை. ஒன்று, விலை கேட்டால் மயக்கம் வருவது, எண்ணும் காட்டாது. ஒன்று, என் குண்டைத் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது என் மானத்தை வாங்குவது. அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தாருங்கள் என்று தமிழ்மணி இரவலாகவே கொடுத்தார். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது என்பது தெரிந்தது. அதைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஸ்டேஷனில், வெளியே வெயிலுக்குப் போகலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், இளவரசி மேஜைமேல் ஃபைலை நகர்த்தி இடம் கொடுத்தார். இஸ்மாயில் பதற்றத்தில் மிஷினை அங்கேயே வைத்து சுவிட்சைப் போட்டுவிட்டான். தலைக்கு மேலே நாலு டியூப்லைட்.

நானூற்றுப் பன்னிரண்டு.

அவர் குனிந்து எண்ணைப் படித்தார். பேனாவை எடுத்தார்.

"மேடம், அது குண்டு இல்ல, டியூப்லைட்டு!"

"டியூப்லைட்ட எதுக்குச் சுட்டீங்க?"

"சுடல மேடம். துப்பாக்கி இன்னும் கைலிலதான் இருக்கு."

அவர் கைலியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பேனாவை மூடினார். நான் ஆயுசில் சொன்னவற்றில் அதிகம் நம்ப முடியாத வாக்கியம் அதுதான். அது நிஜமாக இருந்தது என்ன நேரமோ.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போனோம். மணல் மூட்டையை நிறுத்தி, கொளுத்தும் வெயிலில் மூன்று தடவை சுட்டேன். முப்பத்து நான்கு, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. நடைக்கு வந்தவர்கள், கிரிக்கெட் ஆடியவர்கள் எல்லோரும் சுற்றி நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. இளவரசி மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "இருந்தாலும் கண்ணுல பட்டா போயிடும். கயித்துக்கு உள்ள யாரும் வரக்கூடாது. அது ஒங்க பொறுப்பு," என்றார்.

நாற்பது வருஷத்தில் ஒருவனும் வந்ததில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

மாசிமகத்தன்று விடியும்போதே ஊர் ஊராகச் சாமிகள் கடலுக்கு வந்துகொண்டிருந்தன. மேளம், வெடி, தூசி. அமிர்தம் பலூன் ஊத, நான் தட்டியில் கட்டினேன். கடைக்கு முதலில் வந்தது நாலு வாலிபர்கள்.

"தாத்தா, முப்பத்தி நாலு தாத்தாதான நீங்க?"

மைதானத்தில் எடுத்த படமும் ஊரைச் சுற்றிவிட்டது. ஒருவன் சர்வசாதாரணமாகக் கயிற்றைத் தாண்டிப் போய், தட்டிமேல் சாய்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினான். "என்னச் சுடுங்க தாத்தா. வீடியோ எடுக்கறோம்."

"வெளிய வாடா. கண்ணுல பட்டா குருடாயிடுவ."

"கொசு கடிக்கிற மாதிரி இருக்குமா, எறும்பு கடிக்கிற மாதிரியா?"

கயிறு என்பது சணல்தான். அதுக்கு அந்தப் பக்கம் ஒருவரையும் விடாமல் இத்தனை வருஷம் நிறுத்தியது, சத்தத்தை முந்தும் குண்டு. அதை இப்போது நான் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். நாலு பேரும் எனக்கு முன்னால் அந்தக் கடலைக் கதையைச் சொல்லி முடித்தார்கள். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

அவர்களை இழுத்து வெளியே விடுவதற்குள் வேறு இரண்டு பேர் உள்ளே போனார்கள். அவர்களைப் பார்த்து ஒரு குடும்பம். நான் கயிற்றின் இந்த முனைக்கு ஓடினால் அந்த முனையில் ஆள். துப்பாக்கியைக் குண்டு போட்டு ஒரு பெரியவர் கையில் கொடுத்திருந்தேன். அவர் ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் ஒரு தகப்பன், மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலூன்களுக்கு நடுவில் நிறுத்தி, "சிரி செல்லம்," என்று போட்டோ எடுக்கக் குனிந்தான்.

நான் உள்ளங்கையால் குழாய் முனையை மூடினேன். டுப் என்றது.

கையில் கன்றிப்போய் ஒரு சிவப்பு வட்டம். குண்டு மணலில் விழுந்தது. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆவல!" என்று யாரோ கத்த, கும்பல் கை தட்டியது.

"கடைய மூடு," என்றேன் அமிர்தத்திடம்.

"மணி எட்டுதான ஆவுது."

நான் கையைக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஊதிக்கொண்டிருந்த பலூனைக் கீழே வைத்தாள். பக்கத்து ராட்டினக்காரன் என் இடத்தை எட்டு வைத்து அளக்கத் தொடங்கியிருந்தான். நான் கூப்பிட்டு ஏதாவது சொல்வேன் என்று நின்று பார்த்தான். நான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன்.

ஊதின பலூனைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. அமிர்தம் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொன்றாகக் குத்த ஆரம்பித்தாள். சுற்றிலும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒரு சிறுமி, "ஆயா, எனக்கு ஒண்ணு," என்று கை நீட்டினாள். அமிர்தம் ஊக்கை அவளிடம் கொடுத்துவிட்டு வளையலிலிருந்து அடுத்த ஊக்கைக் கழற்றினாள். அறுபதும் தீரப் பத்து நிமிஷம் ஆகவில்லை. நான் துப்பாக்கியைக் கைலியில் சுற்றிக்கொண்டு, வலிக்கிற கையை அக்குளில் வைத்தபடி, அவர்கள் முடிக்கும்வரை ஓரமாக நின்றேன்.