பன்னிரண்டாவது வண்டிக்கு நாலு கதவு

மணி ஒன்பது இருபது. கஸ்ஸாப் கம்பளக் கடை வாசலில் பதினோரு கார்கள் பளபளவென்று நின்றன. பன்னிரண்டாவது நிற்க வேண்டிய இடத்தில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

கோர்டி வியெசோரெக் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. வுட்வர்ட் இருகதவுச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகத் தலைவர். அவருடைய ஊதா சேலஞ்சர் வரிசையின் முதல் இடத்தில், மேப்பிள் மரத்து நிழலில் நின்றது. டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே ஓடும் வுட்வர்ட் சாலையில், ஆகஸ்ட் மாதத்துக் கார் ஊர்வலச் சனிக்கிழமையில், சாலையோர நிழல் என்பது சொத்து. அதற்காகச் சம்பந்திகள் முகம் பார்க்காமல் போனதுண்டு.

போன் அடித்தது.

"கோர்டி, ரூடி பேசறேன். கொஞ்சம் லேட்டாகும்."

"எங்கய்யா இருக்க?"

"பதினாலாம் மைல் ரோடு தாண்டிட்டேன்."

"கடை பன்னெண்டாம் மைலுக்கு முன்னாடியே இருக்கு ரூடி!"

"தெரியும்யா. ஜனங்க கை காட்டினாங்க, நானும் கை காட்டினேன். ஒரு அம்மா கொடிய ஆட்டிச்சு, அதுக்கு ஒரு ஹாரன் அடிச்சேன். அதுக்குள்ள யூ-டர்ன் போயிடுச்சு."

கோர்டி கண்ணை மூடிக்கொண்டார். வுட்வர்டில் நேராக இடது பக்கம் திரும்ப முடியாது. இடத்தைத் தாண்டிப் போய், நடுத்திட்டில் வளைந்து, எதிர்ப்பக்கமாக வரவேண்டும். மற்ற நாளில் ஒரு நிமிஷ வேலை. இன்று நாலு வரிசையில் கார்கள் ஆமை வேகத்தில் ஊர்கின்றன. ஒரு திருப்பத்தை விட்டவன் விட்டவன்தான்.

"பான்டியாக் ஊர் வரைக்கும் தள்ளிட்டுப் போயிடுவாங்க போல. மத்தியானம் வந்துடறேன். எனக்கு ஒரு கோனி டாக் எடுத்து வை, வெங்காயம் தூக்கலா."

வைத்துவிட்டான்.

விஷயம் இதுதான். கடைக்காரி ஜோர்ஜெட் கஸ்ஸாப் வருஷா வருஷம் ஒரே ஒரு நிபந்தனையோடு வாசலைக் கொடுப்பாள். பத்து மணிக்குள் பன்னிரண்டு கார் நிற்க வேண்டும். காகிதத்தில் அவள் எழுதியது 'பன்னிரண்டு கார்கள்' என்றுதான். அதை 'பன்னிரண்டு இருகதவுக் கார்கள்' என்று தன் பேனாவாலேயே திருத்தியவர் கோர்டி. அப்போது பெருமையாக இருந்தது.

எண்ணிக்கை குறைந்தால் இடம் அடுத்த சங்கத்துக்குப் போகும். அடுத்த சங்கம் பக்கத்துத் தெருவில் காத்திருந்தது. பன்னிரண்டு மினிவேன்கள். எல்லாம் ஓட்ஸ் கஞ்சி நிறம்.

அவர்களுடைய தலைவர் நீல் அமுண்ட்சன் அரை டிராயரோடு நடந்து வந்தார். இது மூன்றாவது முறை.

"ஒண்ணும் அவசரமில்லைங்க. நீங்களே இருந்தீங்கன்னா ரொம்ப சந்தோஷம். போயிட்டீங்கன்னாலும் சந்தோஷம்தான்."

சொல்லிக்கொண்டே கையிலிருந்த சாவியை அமுக்கினார். தூரத்தில் ஒரு வேனின் பக்கக் கதவு தானாக வழுக்கித் திறந்தது.

"இப்ப எதுக்கு அதை அமுக்கினீங்க?"

"சும்மாதான்," என்றார் நீல், பணிவாக.

கோர்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில்தான் கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒரு எஞ்சின் உறுமியது. அந்த உறுமல் அவருக்குத் தெரியும். நாலு மாதமாக அவர் தூக்கத்தைக் கெடுத்த உறுமல்.

அக்கா டாரீன்.

டாரீன் ஏப்ரலில் ஒரு சார்ஜர் கார் வாங்கியிருந்தாள். அதே ஊதா. நானூற்று எண்பத்தைந்து குதிரைத் திறன், தம்பியின் வண்டியைவிட நூற்றுப்பத்து அதிகம். அதைக்கூடக் கோர்டி மன்னித்திருப்பார். ஆனால் அந்த வண்டிக்கு நாலு கதவு. அன்றிலிருந்து அக்காவோடு அவர் பேசுவது வானிலை பற்றி மட்டும்.

"சார்க்ராட் கொண்டாந்திருக்கேன்டா," என்று இறங்கினாள் டாரீன். முன்சீட்டில் அந்தப் புளித்த முட்டைக்கோஸ் நிறைந்த ஒரு பெரிய மின்சாரப் பானை, சீட் பெல்ட் போட்டு, மரியாதையாக உட்கார்ந்திருந்தது. பின்சீட்டில் அவள் புருஷன் வாலி. ஆறடி நாலங்குலம், நூற்று முப்பது கிலோ. கால்மேல் கால் போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் ஏன் பின்னாடி?"

"பானைக்கு இடம் வேணாமா? அவருக்குப் பின்னாடி தாராளமா இருக்கு. உன் வண்டில பின்னாடி ஒரு தலகாணிதான் உட்காரும்."

கோர்டி வண்டியைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். மணி ஒன்பது முப்பத்தாறு.

"அக்கா."

"என்னடா, திடீர்னு அக்காங்கற?"

"உன் வண்டிய அந்த இடத்துல நிறுத்து. வலது பக்கம் சுவரோட ஒட்டி."

டாரீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு கதவு வண்டிய பள்ளிக்கூட பஸ்ஸுன்னு சொன்னவன்டா நீ. ஈஸ்டர் விருந்துல, எல்லார் முன்னாடியும்."

"சொன்னேன்."

"தப்புன்னு சொல்லு."

"இடம் போயிடும் அக்கா. பத்தொன்பது வருஷ இடம். வேன்காரன் வந்து உட்கார்ந்துடுவான்."

"தப்புன்னு சொல்லுடா."

"தப்பு," என்றார் கோர்டி, பல் பிடுங்கியவரைப் போல.

வண்டி வந்து நின்றது. வலப்பக்கக் கதவுகள் சுவரோடு ஒட்டி மறைந்தன. இடப்பக்கத்துப் பின்கதவு மட்டும் ஊரறிய நின்றது. கோர்டி சங்கத்தின் துணிப் பதாகையை எடுத்து அதன்மேல் போர்த்தி, கதவின் கைப்பிடியிலிருந்து பின் சக்கரம் வரை கயிறு போட்டு இறுக்கினார். தள்ளி நின்று பார்த்தார். கச்சிதம். பின்கதவை மறைத்த பதாகையில் இரண்டடி எழுத்தில் இருந்தது: 'கதவு இரண்டே. கர்வம் ஒன்றே.'

"மாப்ளே," என்று உள்ளிருந்து வாலியின் குரல் வந்தது. "நான் எப்படி இறங்கறது?"

"பத்து மணி வரைக்கும் இறங்காதீங்க மச்சான். அசையக்கூட அசையாதீங்க."

"மூணு காபி குடிச்சிருக்கேன்பா."

அதற்குள் டெல்பர்ட் ஸ்க்ராக் வந்துவிட்டார். சங்கத்தின் விதிமுறை அதிகாரி. எழுபத்திரண்டு வயது, கழுத்தில் அளவு நாடா, கையில் அட்டை. போன வருஷம் ஒருவர் தன் மஸ்டாங்கில் குழந்தை இருக்கை மாட்டினார் என்பதற்காக எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியவர்.

"தலைவரே, இது யார் வண்டி?"

"புது உறுப்பினர். எங்க அக்கா."

டெல்பர்ட் முகப்பைத் தட்டினார். குனிந்து டயரை முகர்ந்தார். "சேலஞ்சர்னா மூக்கு வேற மாதிரி இருக்குமே?"

"இது... கொஞ்சம் தள்ளுபடியில வந்தது," என்றார் கோர்டி.

டாரீன் வானத்தைப் பார்த்தாள்.

அப்போது வண்டி ஆடியது. மூன்று காபி பொறுமையிழந்துவிட்டது. வாலி இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்தார். அப்புறம் ஒரு தோள். அப்புறம் ஒரு முனகல். முழங்கை ஹாரனில் பட்டு ஒரு நீண்ட ஓலம். முட்டி பானையின் மூடியில் ஏற, சார்க்ராட் நாற்றம் கிளம்பியது. கடைசியில் ஓட்டுநர் கதவு வழியாக ஒரு மாபெரும் பின்புறம் மெதுவாக வெளியே வந்தது, கிரகணம் பிடிப்பதுபோல.

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார்.

"பார்த்தீங்களா தலைவரே? இப்படி இறங்கறவன்தான்யா அசல் இருகதவுக்காரன். பின்பக்கம் முதல்ல. நாற்பது வருஷ அனுபவம் தெரியுது." அட்டையில் சரி என்று குறி போட்டார்.

கோர்டி மூச்சு விட்டார். பாதி மூச்சுதான் விட்டார்.

வாலியின் இடது கால் இன்னும் உள்ளே இருந்தது. பூட்ஸ் எதிலோ மாட்டிக்கொண்டது. "விடு... விடு..." என்று இழுத்தார். அது மாட்டியிருந்தது பின்கதவின் உட்புறக் கைப்பிடியில். நூற்று முப்பது கிலோவும் ஒரே திசையில் இழுத்தது.

படீர்.

கயிறு அறுந்தது. பின்கதவு விரியத் திறந்தது. பதாகை சரிந்து டெல்பர்ட்டின் தலைமேல் விழுந்து அவரை மூடியது. வாலி யாரையும் பார்க்காமல் கடைக்குள் ஓடினார், கழிப்பறையைத் தேடி.

பதாகைக்குள்ளிருந்து டெல்பர்ட் நிதானமாக வெளிப்பட்டார். திறந்த கதவைப் பார்த்தார். விரலால் எண்ணினார். மூன்று வரை எண்ணி, சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்து, நாலாவது விரலை நீட்டினார்.

"தலைவரே."

"சொல்லுங்க."

"நாலு."

"ஆமா."

"இதுக்கு நான் சரின்னு குறி போட்டிருக்கேன். பேனாவால."

மணி ஒன்பது ஐம்பத்தொன்று. மற்ற ஒன்பது பேரும் மடக்கு நாற்காலிகளிலிருந்து எழுந்து வந்துவிட்டார்கள். எழுந்திருக்க எல்லோருக்கும் நேரமானது.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க," என்றார் டெல்பர்ட். "பின்னாடி ஆள் ஏறணும்னா ரெண்டு கதவே போதும். என் கமாரோவுல நாலு பேர் ஜம்முனு போகலாம்."

டாரீன் இடுப்பில் கை வைத்தாள். "ஜம்முனா? நீங்க ஏறி, யார் கையையும் பிடிக்காம இறங்கிக் காட்டுங்க பார்ப்போம். காட்டிட்டீங்கன்னா நான் வண்டிய எடுத்துட்டுப் போயிடறேன். பானையையும்."

"பானை இருக்கட்டும்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

டெல்பர்ட் தன் கமாரோவின் முன்சீட்டை மடக்கினார். ஒரு காலை விட்டார். தலையை விட்டார். உடம்பைத் திருகினார். ஏதோ 'டக்' என்றது, சீட்டா இடுப்பா என்று தெரியவில்லை. உள்ளே போய் விழுந்தார். முன்சீட்டு பின்னால் வந்து அவர் முட்டிகளைக் கவ்விக்கொண்டது.

"பார்த்தீங்களா? ஜம்முனு இருக்கேன்."

"இறங்குங்க."

கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஒரு செருப்பு. பிறகு அதே கை.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்," என்றது குரல்.

சரியாகப் பத்து மணிக்கு ஜோர்ஜெட் கஸ்ஸாப் காகிதத்தோடு வந்தாள். கூடவே நீல், சாவியோடு.

அவள் எண்ணினாள். "பன்னெண்டு. சரியா இருக்கு."

"மன்னிக்கணும் மேடம்," என்றார் நீல் மிக மென்மையாக. "காகிதத்துல 'இருகதவு'ன்னு இருக்கு. அதோ அந்த வண்டிக்கு நாலு. நான் குறை சொல்லலை. சும்மா கண்ணுல பட்டுது."

ஜோர்ஜெட் காகிதத்தைப் படித்தாள். கோர்டியின் கையெழுத்து அவரையே பார்த்துச் சிரித்தது.

"உங்க சங்கத்துல விதிமுறை பார்க்கறவர் யாரு?"

பத்து விரல்கள் கமாரோவின் பின்சீட்டைக் காட்டின. அவள் குனிந்தாள். உள்ளே டெல்பர்ட் வேர்த்து வடிந்துகொண்டிருந்தார், தாடை இரண்டு முட்டிக்கும் நடுவில்.

"நீங்களே சொல்லுங்க. அந்த வண்டி கணக்குல சேருமா, சேராதா?"

டெல்பர்ட் பொய் சொல்லமாட்டார். பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அவர் வேண்டாம் என்றால் மரம், நிழல், பத்தொன்பது வருஷம் எல்லாம் ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் முடிந்துவிடும்.

டெல்பர்ட் நெடுநேரம் யோசித்தார். அதைத் தவிர அவரால் அங்கே எதுவும் செய்ய முடியவில்லை.

"மேடம்," என்றார் கடைசியில். "கதவுன்னா என்ன? மனுஷன் வெளியே வர்ற வழி. சரிதானே?"

"சரி."

"நான் வெளியே வர இந்த வண்டியில வழியே இல்லை. அப்போ இதுக்குக் கதவு பூஜ்யம். அந்தம்மா வண்டிக்கு நாலு. ரெண்டு வண்டியும் சேர்த்து நாலு கதவு. வகுத்துப் பாருங்க. வண்டிக்கு ரெண்டு."

ஜோர்ஜெட் உதடு அசைய வகுத்துப் பார்த்தாள். நீலும் வகுத்துப் பார்த்தார். அவர் முகம் வாடியதில் கணக்கு சரி என்று தெரிந்தது.

"நல்லதுங்க," என்றார் நீல். "ரொம்ப சந்தோஷம்." முதல்முறையாக அது பொய்யாகக் கேட்டது.

ஜோர்ஜெட் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நிம்மதியான முகத்தோடு திரும்பி வந்த வாலிதான் டெல்பர்ட்டின் இரண்டு கணுக்காலையும் பிடித்து, கிழங்கு பிடுங்குவதுபோல வெளியே எடுத்தார். டெல்பர்ட் எழுந்து நின்றார். தொப்பியைத் தட்டி மாட்டினார். யாரோடும் பேசாமல் நேராக டாரீனின் வண்டிக்கு நடந்தார். பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். மூடினார். திறந்தார். இறங்கினார். மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் டாரீன்.

"பரிசோதனை. விதிமுறைப்படி."

நாலாவது தடவை ஏறி உட்கார்ந்தபோது காலை நீட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு வந்து, உடனே மறைந்தது.

அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். யாருக்கும் தெரியாமல் கோர்டியும் போய்க் கடைசியில் நின்றுகொண்டார்.

"நீயுமாடா?" என்றாள் டாரீன்.

"வெயில் நல்லா அடிக்குது இல்ல?" என்றார் கோர்டி.