விரிப்பின் மறுமுனை

விடியும் முன்பே கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். நாங்கள் உள்ளே போகும்போது சலவைக்கூடம் முழுக்க நீராவி. பக்கத்தில் நிற்பவள் முகம்கூடத் தெரியாது. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு இயந்திரத்திலிருந்து வந்து விழும். ஒவ்வொன்றும் பிணக்கனம். தூக்கித் தோளில் போட்டு, தேய்க்கிற உருளைக்குள் விட்டு, சூடு ஆறுவதற்குள் மடிக்க வேண்டும். மடிப்பு ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒருத்தி குரல் கொடுக்க, இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து இழுத்தால்தான் சுருக்கம் போகும்.

என் ஜோடி நெட்டச்சி. நான் அவள் மார்புக்குத்தான் வருவேன். "ஏணியும் முக்காலியும் வந்தாச்சுடி" என்று கூடமே சிரிக்கும். குரல் கொடுப்பது அவள்தான். "இழுங்கக்கா!" என்றால் கொதிகலன் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

ஆறு வருஷம் அப்படி இழுத்தோம். பிறகு ஐந்து மாதம் அவள் தனியாக மடித்தாள். சுவரில் இருந்த கொக்கியில் மறுமுனையை மாட்டிவிட்டு ஒற்றை ஆளாக இழுப்பாள். கொக்கியிடம் என்ன குரல் கொடுப்பது? வாயே திறக்க மாட்டாள். அவளை அந்தச் சுவரோரம் தள்ளியது முதலாளி இல்லை, மேஸ்திரியும் இல்லை. நான்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒருநாள் அவள் சட்டைக்கை மேலேறியபோது போதை ஊசித் தழும்புகளைப் பார்த்துவிட்டேன். "ஊசிக்காரிகூட எனக்குச் சரிப்படாது" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லி முனையைக் கீழே போட்டேன். அன்றிலிருந்து அவள் குடித்த தம்ளரைக்கூட யாரும் தொடவில்லை.

போன வாரம் ஒரு விடுதியிலிருந்து ஒரு விரிப்பு திரும்பி வந்தது. நடுவில் ரத்தப் பொட்டு. "யார் மடிச்சது?" என்று மேஸ்திரி கத்தினான். பெரிய துப்பறிகிறவள் மாதிரி நான் முந்திக்கொண்டேன்: "மூலையில கொக்கித் தடம் இருக்கு பாருங்க. அவளுதுதான்."

அரைமணி நேரத்தில் அவளை வெளியே அனுப்பினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

மத்தியானம் வேலை முடிந்ததும் கால்கள் அவள் அறைக்குத்தான் போயின. மூன்றாம் மாடி. ஒரு பாய், ஒரு வாளி, ஆணியில் மகளின் சின்னப் பாவாடை. நெட்டச்சி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

"ஏன்டி இந்தப் பாழாப்போன பழக்கம்?" என்றேன்.

"தோள் வலிக்குத்தான்க்கா. மேஸ்திரி தருவாரே வெள்ளை மாத்திரை, அதுலதான் ஆரம்பிச்சேன். நீங்களும்தானே போடுறீங்க?"

என் மேலங்கிப் பையில் அப்போதும் ஒன்று இருந்தது. மேஸ்திரி தன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிற பெயர் எழுதாத பொட்டலத்திலிருந்து எடுத்து, "முழுங்கிட்டு வேலையைப் பாரு" என்று எல்லோருக்கும் கொடுப்பான்.

"ஒண்ணு மூணாச்சு, மூணு ஆறாச்சு. அப்புறம் மேஸ்திரி அதுக்கு வேற விலை கேட்டாரு. நான் ஒத்துக்கலை, குடுக்கறதை நிறுத்திட்டாரு."

"வேற விலையா? என்ன அது?"

"தனியா வந்து பாருன்னாரு. போகலை. உடம்பு முறுக்கிப் போட்டுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ஏற்கனவே ஊசிப் பழக்கம். 'கையை நீட்டு, சரியாயிடும்'னாரு. எனக்குக் குத்திக்கத் தெரியாது, அவரேதான் குத்திவிட்டாரு. அந்த நேரம் மட்டுந்தான்க்கா எங்கிட்ட அன்பாப் பேசுவாரு. அப்புறம் அவரு என்னை விட்டுட்டுப் போயிட்டாரு. ஊசி போகலை."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "அதைப் போட்டா யாரோ பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். நீங்க முனையை விட்டதுக்கப்புறம்தான் ரெண்டு வேளையாச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவள் மகள் நாத்தனாரிடம் வளர்கிறாள். நெட்டச்சி வேலையில் இருக்கிறவரைதான் பார்க்க விடுவாளாம். இப்போது அதுவும் போயிற்று. கீழேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து முகத்தைத் துடைத்துவிட்டு, என் தம்ளரைப்போல அவள் தம்ளரில் குடித்தேன்.

மறுநாள் காலை முதலாளியே ஒரு காகிதத்தோடு வந்தார். 'வெளியிலிருந்து போதைப்பொருள் கொண்டுவந்தாள், நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது.' முதல் கையெழுத்து நான் போட வேண்டுமாம். துப்பறிந்தவளாயிற்றே!

"இது போலீசுக்கா?"

"உனக்கு எதுக்கு? போடு."

"மேஸ்திரி மேசை இழுப்பறையைத் திறக்கச் சொல்லுங்க. அப்புறம் போடுறேன்."

"அது வலி மாத்திரை."

"உங்க பொண்ணுக்குத் தோள் வலிச்சா இதைத்தான் குடுப்பீங்களா?"

"வாயை மூடு! போதைக்காரிக்குப் பரிஞ்சு பேச வந்துட்டா."

என் பையிலிருந்த மாத்திரையை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தேன். "அப்ப நானும் போதைக்காரிதான். என் பேரையும் சேத்துக்குங்க."

யாரும் அசையவில்லை. கொதிகலன் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஐந்து மாதம் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு உறைத்தது.

பிறகு உருளைக்காரி வந்தாள். அவளிடம் இரண்டு மாத்திரை இருந்தது. துவைக்கிறவர்கள் வந்தார்கள். மாத்திரைகள் குவிந்து காகிதத்தில் எழுத்து தெரியாமல் போயிற்று. "நெட்டச்சியைத் திரும்ப எடுக்கணும், வைத்தியச் செலவு கம்பெனியோடது" என்றாள் உருளைக்காரி. "ஈரத் துணி தூக்க ரெண்டு ஆள் போடணும். வலிக்கு மாத்திரை வேண்டாம், டாக்டர் வேணும்."

"நாளைக்குக் கதவு திறக்காது. அப்ப தெரியும்" என்று முதலாளி போய்விட்டார்.

சொன்னபடி கதவு திறக்கவில்லை. விடியலில் முப்பத்திரண்டு பேர் தெருவில் நின்றோம். முதல்முறையாக நீராவி இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திரும்பி வந்த அதே விரிப்பில், ரத்தப் பொட்டுக்கு மேலே, உருளைக்காரி கரியால் எங்கள் கோரிக்கையை எழுதியிருந்தாள்.

எதிர்ச்சாரியில் நெட்டச்சி சுவரில் சாய்ந்து நின்றாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. பக்கத்தில் வரத் தைரியமில்லை. நான் விரிப்பின் ஒரு முனையோடு தெருவைத் தாண்டினேன்.

"என்னால எல்லாருக்கும் கெடுதல்க்கா. நான் இன்னும் அதை விடலை."

"விடும்போது விடு. தனியா விட வேண்டாம். இப்ப இந்த முனையைப் பிடிடி, எனக்குக் கை எட்டலை."

பிடித்தாள். மறுமுனையை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஏணி பக்கம் ஏறி, முக்காலி பக்கம் இறங்கி, எழுத்தெல்லாம் கோணலாகத் தொங்கியது. யாரோ சிரித்தார்கள். கதவு மூடியேதான் இருந்தது.

நெட்டச்சி தொண்டையைக் கனைத்தாள். குரல் கம்மியிருந்தது. ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது.

"இழுங்கக்கா!"