மூன்று பேராசிரியர்களை எழுப்பியவள்

மேலாண்மையில் முனைவர் பட்டம் படிக்க இடம் கேட்டுப் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கேள்வி கேட்ட மூன்று பேராசிரியர்களையும் நாற்காலியை விட்டு எழுப்பியவள் பம்பரம் ஒருத்திதான்.

அவள் இதைச் சொன்னால், "அளந்தது போதும்," என்பார் அவள் கணவர். கணக்குத் தணிக்கையாளர். அவர் உட்கார்ந்தால் நாற்காலி வேர் விட்டுவிடும்.

பம்பரத்துக்கோ காலில் சக்கரம். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் மேலாளர். காலைக் கூட்டம் மதியச் சாப்பாடு வரை இழுக்கிறதே என்று ஒருநாள் நாற்காலிகளை அள்ளிச் சரக்குக் கிட்டங்கியில் போட்டுப் பூட்டினாள். டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்தது. அது ஏன் என்று ஆராயத்தான் விண்ணப்பம். போன வருஷம் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. இந்த வருஷம் திறந்தது ஒன்றே ஒன்று. இதுவும் போனால் ஆசையை மூட்டை கட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

இணையவழி நேர்காணல் அன்று, "இன்னைக்கு மட்டும் உட்காரு தாயே!" என்று கும்பிட்டுவிட்டு, கணவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

உட்கார்ந்தாள். கால் ஆடியது. மேசை ஆடியது. மடிக்கணினியும் சேர்ந்து ஆடியது.

"அங்க நிலநடுக்கமா?" திரையில் தலைமைப் பேராசிரியை பதறினார்.

"இல்ல மேடம், நான்தான்." எழுந்தேவிட்டாள்.

"சரி, நாற்காலியை எடுத்தது தொழிற்சாலைக்குச் சரிப்பட்டிருக்கும். எங்களை மாதிரி யோசிக்கிறவங்க கூட்டத்துக்கு எடுபடுமா?"

"எந்திரிச்சு நின்னு அதையே கேளுங்க மேடம், பார்ப்போம்."

'போச்சு, குடி முழுகிப்போச்சு' என்று வெளியே கணவர் தலையில் கைவைத்தார்.

திரையில் மூன்று தலைகளும் மேலே போய் மறைந்தன. மூன்று வயிறுகள் மட்டும் வரிசையாக நின்று கேள்வி கேட்டன. ஒரு மணி நேர நேர்காணல், கணவர் ஒரு கை நகத்தைக் கடித்து முடிப்பதற்குள் முடிந்தது.

அவள் வந்து நடந்ததைச் சொன்னதும், "வயிறு பேசுச்சாக்கும்! கோபத்துல பாதியிலயே எழுந்து போயிருப்பாங்க," என்றார் அவர்.

அந்தச் சந்தேகம் அவளையும் தொற்றிக்கொண்டது. முடிவு வரும்வரை கூடத்தில் நடந்தாள், நடந்தாள், தரை தேய்ந்து கீழ்வீட்டுக்காரரின் வழுக்கை தெரியும்வரை நடந்தாள்.

ஒரு காலை அவள் குளிக்கும்போது மடிக்கணினி அலறியது. கணவர் எடுத்தார். திரையில் தலையில்லாத கோட்டு ஒன்று.

"அவங்க இல்லையா? இடம் கொடுத்தாச்சுன்னு சொல்லுங்க. அதை முடிவு பண்ணின கூட்டமும் நின்னுக்கிட்டேதான். இப்ப எங்க துறையில நாற்காலியே கிடையாது. முதுகுதான் போகுது, அதையும் ஆராயச் சொல்லுங்க!"

ஈரத்தலையோடு அவள் ஓடிவந்தபோது, கணவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இடம் கிடைச்சிருச்சும்மா," என்றார். "வயிறுதான் சொல்லுச்சு. ஒத்துக்கிறேன், அன்னைக்கு எந்திரிச்சுத்தான் இருக்காங்க."