சுமைகாரனின் கால்சட்டை

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அம்மாள் வரப்போகிறாள் என்று சாமியார் சொன்ன நிமிஷத்திலிருந்து கொலம்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயிலில் வருஷம் முழுக்க இருக்கும் கிறிஸ்மஸ் குடிலில், மூன்று ராஜாக்களின் பட்டு அங்கியைப் பார்க்க வந்தால்கூடப் பரவாயில்லை. ஓரத்தில் முதுகில் மூட்டையோடு நிற்கும் சுமைகாரப் பொம்மையின் நீலக் கால்சட்டையைப் பார்க்க வருகிறாளாம்.

சாமியார் தோன் செவெரினோ எங்கள் ஜெனோவாவுக்குப் புதுசு. போன வசந்தத்தில்தான் இந்தக் கோயிலுக்கு மாற்றலாகி வந்தார். குடிலில் இருப்பதெல்லாம் பொக்கிஷம் என்று அவருக்கு ஒரு பூரிப்பு.

"முந்நூறு வருஷத்துத் துணியாம், கொலம்பாம்மா. உலகமே இன்னிக்கு ஜீன்ஸ் மாட்டிக்கிட்டுத் திரியுதே, அதுக்குப் பாட்டன் நம்ம சுமைகாரன் இடுப்புல இருக்குங்கிறாங்க."

கொலம்பா மையமாகத் தலையை ஆட்டினாள். சுமைகாரன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று அவளுக்கல்லவா தெரியும். அது அவள் புருஷன் ஜிரோலமோவின் ஜீன்ஸ்.

ஜிரோலமோ ஜெனோவா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். அமெரிக்கக் கப்பல்காரன் ஒருவனிடம் மல்லுக்கட்டிப் பேரம் பேசி அந்த ஜீன்ஸை வாங்கினான். வாங்கின நாளிலிருந்து அதைக் கழற்றினானா என்பதே சந்தேகம். முட்டியில் சிவப்புப் பெயிண்டு கொட்டி, அந்தக் கறையோடே திரிந்தான். பிறகு கூடுதல் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு ஒரு சரக்குக் கப்பலில் ஏறினான். அவன் புறப்பட்ட அன்று ஜீன்ஸ் ஈரமாகச் சந்துக்கு மேலே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்து போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கப்பல் அட்லாண்டிக்கில் போன இடம் தெரியாமல் போயிற்று. மலைச்சரிவெல்லாம் பளிங்குக் கல்லறையாகக் கட்டி வைத்திருக்கிற ஊரில் அவனுக்கு ஒரு செங்கல் கூட இல்லை.

கிறிஸ்மஸுக்கு முன்னால் குடில் பொம்மைகளைத் துடைத்துத் தைப்பது கொலம்பாவின் பொறுப்பு. ஒரு வருஷம் சுமைகாரனின் கால்சட்டை நைந்து கந்தலாகக் கிடந்தது. அவனைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. கந்தலைப் பிரித்து எறிந்தாள். பெட்டியிலிருந்த ஜீன்ஸை எடுத்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதன் ஒரு காலை வெட்டிச் சுமைகாரனுக்குத் தைத்தாள். பொம்மைக்கு ஒரு முழ உயரம்தான். கால்சட்டை கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அதுதான் அவளுக்குக் கல்லறை. துறைமுகக் கேன்டீனில் சமையல் முடிந்ததும் குடிலின் முன்னால் போய் நிற்பாள். ஜெபம் செய்கிறாள் என்று சாமியார்கள் நினைத்தார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நெத்திலி விற்கிற விலை, முழங்கால் வலி, நாத்தனார் ஒர்சோலாவின் வாய் என்று ஒன்று விடமாட்டாள். முணுமுணுப்பது எங்கள் ஊரில் பிறப்புரிமை. அந்தக் காலத்து மாலுமிகள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டாவது முணுமுணுக்கும் உரிமையைக் கேட்டு வாங்கினார்களாம்.

இப்போது அந்த ஜீன்ஸை உருவிப் போட ஒருத்தி வருகிறாள். போதாக்குறைக்கு, முந்நூறு வருஷத்துப் பொருளைக் கந்தலென்று எறிந்த பழியும் தலையில் விழப்போகிறது.

கொலம்பா நேரே ஒர்சோலாவிடம் ஓடினாள். அந்தக் கந்தலை அன்றைக்கு ஒர்சோலாதான் மெழுகுதிரித் தண்டு துலக்க ஆகும் என்று பொறுக்கிக்கொண்டு போனாள். தகர டப்பாவைக் கவிழ்த்ததில் அது இருந்தது, கரிக்கட்டை நிறத்தில். எதற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல் ஒர்சோலா எடுத்துக் கொடுத்தாள். அவள் கேள்வி கேட்காதது உலக அதிசயம். கொலம்பா இருந்த கலவரத்தில் அது அவள் புத்தியில் ஏறவில்லை.

மறுநாள் காலையில் லிவியா என்ற அந்த அம்மாள் வந்தாள். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற பெண். பொம்மையைக் கோயிலின் பின்கட்டு மேஜையில் படுக்க வைத்தார்கள். ஒர்சோலாவும் வேடிக்கை பார்க்க வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். லிவியா கால்சட்டையை விரலால் தடவினாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"இது பழசு இல்ல, சாமி. கடையில விக்கிற ஜீன்ஸ்."

கொலம்பா மடியிலிருந்த கந்தலை மேஜைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: கொடியில் தொங்கிய ஜீன்ஸ், வராத கப்பல், கத்தரிக்கோல், எல்லாம்.

"பழி எம்மேலதான். என்ன வேணா பண்ணுங்க. அதை மட்டும் கழட்டிராதீங்க. எனக்குன்னு வேற எடம் இல்ல."

லிவியா கந்தலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கடைசியில் லிவியா திரும்பிச் சிரித்தாள்.

"அம்மா, இதுவும் மில் துணிதான். மிஷின் தையல். எங்க தாத்தா வயசுகூட இருக்காது. உங்களுக்கு முன்னாடியே யாரோ இவனுக்குக் கால்சட்டை மாத்தியிருக்காங்க."

கொலம்பாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சாமியாருக்கோ முகம் தொங்கிப் போயிற்று. லிவியா பொம்மையின் இடுப்புக்குள் விரலை விட்டுத் துழாவி, மரக்காலில் மெத்தென்று என்னவோ சுற்றியிருக்கிறதே என்றாள். தொடைக்குச் சதைபோட வைத்த துணி, நான் அதைத் தொடவே இல்லை என்றாள் கொலம்பா. தையலை அவளையே பிரிக்கச் சொன்னாள் லிவியா.

பிரித்ததும் மரக்காலைச் சுற்றி ஒரு பட்டைத் துணி தெரிந்தது. நீல நூலும் வெள்ளை நூலும் கலந்த கைத்தறி. முன்பு கால்சட்டை மாற்றின புண்ணியவதியும் சிக்கனத்துக்குப் பேர்போன ஜெனோவாக்காரிதான். பழையதை எறிய மனசு வராமல் காலில் சுற்றி வைத்திருக்கிறாள். இதுதான் நான் தேடி வந்தது என்று பேச ஆரம்பித்த லிவியா நிறுத்தவில்லை. இந்தத் துணி நம் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறியது, பிரெஞ்சுக்காரன் நம் ஊரை ஜேன் என்பான், இங்கிலீஷ்காரன் அதையே துணிக்குப் பெயராக்கினான், துணியின் பெயர் கால்சட்டைக்கு ஒட்டிக்கொண்டது என்றாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரம் பேசி வாங்கினது நம்ம ஊர் பேரைத்தான்."

உள்ளே இருந்த துணியை மட்டும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜீன்ஸ் எனக்கெதற்கு, சுமைகாரன் கால்சட்டை இல்லாமல் நிற்கவா, நீங்களே போட்டுவிடுங்கள் என்றாள். கொலம்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். அது சந்தோஷ அழுகைதான். அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

லிவியாவை வழியனுப்பச் சாமியார் வெளியே போனார். கொலம்பா ஊசியில் நூலைக் கோத்தாள். ஒர்சோலா நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இவ்வளவு ரகசியமா வச்சவ, முட்டியில இருக்கிற சிவப்புப் பெயிண்டுக் கறையை உள்பக்கமா மடிச்சுத் தைச்சிருக்கக் கூடாது? மொத கிறிஸ்மஸ்லயே தெரியும்டி எனக்கு."

"மதினி..."

"எனக்கு மட்டுமா? அவன்கூட மூட்டை தூக்கினவனுங்க வந்தா, கொழந்தை யேசுவை விட்டுட்டு ஓரத்துல நிக்கிற சுமைகாரனுக்குத் தொப்பியைக் கழட்டிட்டுப் போறானுங்களே, எதுக்குன்னு நெனச்சே?"

கொலம்பாவுக்கு ஊசி ஓடவில்லை. இத்தனை வருஷமும் தான் ஒருத்தியாகத்தான் அவனிடம் வந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, அந்தக் கறை எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி முன்பக்கம் வைத்துத் தைத்தாள்.