சின்ன ரிஸ்க்குதான்

அக்கா, கிணற்றை ஏன் மூடினோம் என்று நீ போனில் கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நல்ல ஊற்றுள்ள கிணறு, இனி தென்னை என்னாவது, மல்லிகை என்னாவது என்று நீ கோபப்பட்டது நியாயம்தான். அதை அப்பாவிடம் கேட்டுவிடாதே. அம்மாவிடமும் வேண்டாம். ஷார்ஜா திரும்பிய நாளிலிருந்து இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதனால் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த வார்த்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரிஸ்க் என்ற சொல்லை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது முகேஷ் அண்ணன். எரியோட்டு ரோட்டில் பஸ்ஸை முந்துவதும் அவனுக்கு ரிஸ்க், அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை மூன்றாம் நாள் ஊற்றிச் சாப்பிடுவதும் ரிஸ்க். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், மாப்பிள்ளை பெரிய ரிஸ்க் எடுக்கிறார் என்று சொல்லி உன்னிடம் கரண்டியால் அடி வாங்கினான். எதற்கு முன்னாலும் ஒரு 'சின்ன' போட்டுக்கொள்வான். கடைசி எழுத்தைக் கடித்துத் துப்புவது மாதிரி சொல்வான், ஞாபகம் இருக்கிறதா?

அப்பா வாயில் அந்தச் சொல் வந்ததே கிடையாது. அவருக்கு வேறு சொற்கள் இருந்தன. மழையை நம்பி வெங்காயம் நட்டால் துணிஞ்சு போடுறேன் என்பார். பிடிக்காவிட்டால் வேண்டாத வேலை என்பார். ரொம்பப் போனால், வம்பு.

அண்ணன் போன அன்று நீயும் நானும் ஊரில் இல்லை. நீ சேவுகம்பட்டியில், உன் மாமியார் வீட்டில். நான் திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் அடியில் கிடக்கிறது, கரண்டு மோட்டாருக்கு எட்டவில்லை என்று, வாடகைக்கு ஆயில் எஞ்சின் எடுத்து, கிணற்றின் பாதி ஆழத்தில் இருக்கும் பாறைத் திட்டில் இறக்கியிருக்கிறான். அதை ஓட்ட அவனே இறங்கினான். இடுப்பில் கயிறு. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா.

கிணற்றில் ஆள் இறங்கினால் நம் பக்கம் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். மேலே நிற்பவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் ம் கொட்ட வேண்டும். ம் வராவிட்டால் இழுத்துவிட வேண்டும். அப்பா கூப்பிட்டார். ம் வந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆனந்தமேரி அக்கா அந்த வழியாக வந்து, கயிறு ஏன் இப்படி அசையாமல் கனமாகத் தொங்குகிறது என்று கேட்கும் வரைக்கும் ம் வந்துகொண்டுதான் இருந்தது.

தூக்கியபோது உயிர் இல்லை. எஞ்சின் புகையில் முதலில் நினைவுதான் தப்பும், நீங்கள் கூப்பிட்டதில் பாதிக்கு அவர் பதில் சொல்லியிருக்கவே முடியாது என்றார் டாக்டர். அப்பா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப ம் கொட்டுனது யாருங்கய்யா?"

உங்கள் குரலே எதிரொலித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்பா அதற்குப் பிறகு யாரிடமும் அதைக் கேட்கவில்லை. கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டுவிட்டார், மோட்டாரை மட்டும் உள்ளே விட்டு. இதெல்லாம் நீயும் அறிந்ததுதான். இனிச் சொல்வதுதான் உனக்குத் தெரியாது.

இந்தக் கோடையில் நான் லீவில் வந்த வாரம், மோட்டார் பைப் துருப்பிடித்துக் கழன்று உள்ளே விழுந்துவிட்டது. தென்னை மட்டைகள் பழுத்துத் தொங்க ஆரம்பித்தன. காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா, வலையைத் தூக்கிவிட்டு நாளைக்கு நானே இறங்குகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்றது.

"சின்ன ரிஸ்க்குதான் பொன்னழகு. எடுத்துக்கலாம்" என்றார் அப்பா.

அக்கா, அது அப்பாவின் குரல்தான். ஆனால் அந்தச் 'சின்ன'வும், கடைசியில் கடித்துத் துப்பியதும் அண்ணன். அம்மா வெஞ்சனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. நான் பின்னாலேயே போனேன். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், சில நேரம் சிரிப்பும் அவன் மாதிரியே வருகிறது, தோட்டத்திலிருந்து திரும்பி வருவது யார் என்றே சில நாள் தெரியவில்லை என்று சொல்லி அழுதது.

இங்கே நான் செய்யும் வேலை உனக்குத் தெரியும். எண்ணெய் டாங்கியைக் கழுவ ஆள் உள்ளே போனால், ஆள் நுழையும் ஓட்டையருகே நின்று அவர்களைக் கவனித்துக்கொள்ளும் காவல் வேலை. அண்ணன் போனபிறகு கேட்டு வாங்கிய வேலை அது. இங்கேயும் தினம் ரிஸ்க் என்றுதான் பேசுகிறோம். ஆனால் யாரும் அதை எடுப்பதில்லை. அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போகும் முன் ஒவ்வொருவரும் அதற்குப் பேர் சொல்ல வேண்டும்: வாயு, வழுக்கல், சூடு. பேர் சொல்லத் தெரியாதவனை உள்ளே விட மாட்டேன். நம் ஊரில் மட்டும் ஏன் அதைத் தட்டிலிருந்து பலகாரம் எடுப்பது மாதிரி எடுக்கிறோம் என்று டாங்கிப் பக்கம் நிற்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

அதனால் அப்பாவிடமும் பேர் கேட்டேன். ஆயில் எஞ்சின் இல்லை, புகை இல்லை, பிறகென்ன என்றார். பழைய கிணற்றில் காற்றே கெட்டிருக்கலாம் என்றேன், கேட்கவில்லை. கிணற்று வேலைக்காரர்களைக் கூப்பிடலாம் என்றேன்.

"அவன் வீட்டுலயும் ஒரு புள்ள இருக்கும்ல" என்றார்.

அன்று பொழுது சாய, தோட்டத்தில் அவரைத் தேடிப் போனேன். வலையின் மேல் குப்புறப் படுத்திருந்தார். உள்ளே பார்த்து, சத்தம் போடாமல், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

"ஏலே முகேசு."

ம் என்று வந்தது.

எனக்கும் கேட்டது அக்கா. எதிரொலி என்றால் பேர்தானே திரும்பி வர வேண்டும்? பொந்தில் புறா இருக்கும்ப்பா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமல், புறாவெல்லாம் அன்றைக்கே போய்விட்டது, ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றார்.

அவர் இறங்கப் போவது பைப்பை எடுக்க அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. இறங்கினால் ஏற மாட்டார்.

மறுநாள் காலை அவர் வலையைத் தூக்குவதற்குள் நான் கயிற்றை எடுத்து என் இடுப்பில் கட்டினேன். நிஜமாக இறங்கும் எண்ணம் எனக்கு இருந்ததா என்று இப்போதும் தெரியவில்லை.

"நான் எறங்குறேன். நீங்க மேல நின்னு கூப்புடுங்க" என்றேன்.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். பழக்கத்தில் கையில் ஒரு சுற்றும் சுற்றிக்கொண்டார். நான் கிணற்று விளிம்பில் உட்கார்ந்து உள்ளே காலைத் தொங்கவிட்டேன். கீழேயிருந்து ஈரவாடை ஏறியது. அப்பா வாயைத் திறந்தார். ஆனந்து என்று கூப்பிடத்தான் திறந்தார். சத்தம் வரவில்லை. திரும்பத் திறந்தார். அப்புறம் கயிற்றைக் கையில் சுற்றிய மேனிக்கே என்னைப் பின்னால் இழுத்தார். முதுகு சிராய்க்க மண்ணில் வந்து விழுந்தேன்.

"நான் ஒன்னக் கூப்புடுவேன், ம்னு வரும். எவன் சொல்றான்னு எனக்கு எப்புடிலே தெரியும்?"

பக்கத்தில் உட்கார்ந்து என் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு வரவில்லை.

"பயமா இருக்குடா ஆனந்து. இம்புட்டு நாளும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார். அது அவருடைய குரல், முழுக்க. அம்மா கொட்டகையிலிருந்து ஓடி வந்ததே அதைக் கேட்டுத்தான்.

மூடிவிடலாம் என்று சொன்னது அப்பாதான். அம்மா தென்னையை ஒரு தடவை பார்த்தது, சரி என்றது. மல்லிகை போகும், தென்னையில் பாதி நிற்கும் என்று தெரிந்துதான் செய்தோம் அக்கா.

வடமதுரையிலிருந்து ஸ்டீபன்ராஜ் ஜே.சி.பி. கொண்டுவந்தார். வலையைத் தூக்கி ஓரமாகப் போட்டோம். மண்ணை அள்ளிக் கிணற்றுக்கு மேல் கொண்டுவந்தபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எஞ்சினையும் அணைக்கச் சொன்னார். விளிம்புக்குப் போய்க் குனிந்தார்.

"ஏலே முகேசு, மண்ணு கொட்டப் போறாக. ஓரமா ஒதுங்கிக்கப்பு."

குனிந்தபடியே காத்திருந்தார். ஸ்டீபன்ராஜ் என்னைப் பார்த்தார். அப்பாவின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே, எஞ்சினைப் போடுங்கள் என்று அவருக்குக் கை காட்டினேன்.