அக்கா திருத்திய அம்பு

1

இந்தக் கதை அக்காவின் காலில் இருந்த ஓர் அம்புக்குறியிலிருந்து பிறந்தது. அதை அவளே வரைந்தாள். வரைந்திருக்கக் கூடாது.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: மருத்துவமனையின் வெண்மைக்கு நடுவே அவள் ஒரு

(விட்டுவிட்டேன். சுவர் பச்சை.)

2

அக்கா கடைகளுக்குப் பெயர் எழுதுகிறவள். ஏணிமேல் வேலை. வலது கணுக்கால் அடிக்கடி பிரளும், சமதரையில்கூட. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தே காலத்தை ஓட்டினாள். ஒருநாள் ரொட்டிக் கடை முகப்பில் 'ரொட்டிக் க' வரை எழுதியபோது ஏணியில் கால் மடங்கியது. சன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பினாள். அதற்குப் பிறகு ஏறவில்லை. வேறு ஆளை வைத்து முடிக்கக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. தெருவே அதை 'ரொட்டிக் க' என்று கூப்பிடத் தொடங்கியது.

பயிற்சிகள் செய்தும் கால் நிலைக்கவில்லை. வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் தொளதொளத்துவிட்டது, இறுக்கி எலும்போடு சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார் மருத்துவர். அக்கா ஒன்றைத்தான் கேட்டாள்.

"ஏணி ஏறலாமா?"

"கால் தாங்கும். பயத்துக்கு நான் தையல் போட முடியாதும்மா."

(முதல் வரைவில் இவரைச் சிடுமூஞ்சி ஆக்கியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

3

அறுவைச் சிகிச்சை அன்று காலை மருத்துவர் வந்து, எந்தக் கால் என்று அவளிடமே கேட்டு, வலது காலில் பேனாவால் அம்பு போட்டுவிட்டுப் போனார். அம்பு கோணல். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. துடைத்துவிட்டு என் பேனாவை வாங்கினாள். தண்டு நேராக, முனை கூராக, நிழலோடு ஓர் அம்பு வந்தது.

செவிலி குனிந்து பார்த்தார். "இது டாக்டர் போட்டது இல்லையே."

"கோணலா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"அக்கா, இது போர்டு இல்ல, கால்" என்றார் செவிலி.

அறுவை செய்பவரே குறியிட வேண்டும் என்பது விதி. அவள் முறை கடைசிக்குப் போனது. சரிபார்ப்பெல்லாம் மறுபடி முதலிலிருந்து. மருத்துவர் வந்தார். நிழலைக் கொஞ்ச நேரம் ரசித்தார். அழித்தார். முன்னதைவிடக் கோணலாக ஒன்று போட்டார்.

"அம்பு கோணலா இருந்தாலும் நான் சரியா வந்துடுவேன்."

(அக்கா பயந்திருந்தாள் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. படித்துவிட்டு அதை அடித்து நீக்கினாள். பயந்தது நீதான், அதை எழுது என்றாள். எழுதிவிட்டேன்.)

4

முடிவுகள்.

அ. ஏறுகிறாள், எழுதி முடிக்கிறாள், தெரு கைதட்டுகிறது. சர்க்கரை அதிகம்.

ஆ. ஏறவில்லை. இனிப் பலகைகளை மேசையில் வைத்தே எழுதுகிறாள். நடக்கக்கூடியதுதான். எனக்குக் கை வரவில்லை.

நடந்தது: கட்டு பிரிந்தது. கணுக்காலைத் தாங்கும் கனத்த பூட்ஸ் வந்தது, போனது. வலது காலில் மட்டும் நின்று பல் துலக்கப் பழகினாள். மருத்துவர் சரி என்றார். இப்போது ரொட்டிக் கடை வாசலில் இருக்கிறோம். ஒரு கையால் ஏணி, மறு கையால் இந்தக் கதை. வலது கால் முதல் படியில். இடது கால் இன்னும் தரையில்.

"டேய், எழுதினது போதும். ரெண்டு கையாலயும் பிடி."

மிச்சம் ஒரே எழுத்து. அது எதுவென்று உங்களுக்குத் தெரியும். நான் பேனாவைக் கீ