பூக்குழியில் நின்றவன்

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு வழியில்லை. விறகுக்கு மட்டும் குறைவே இல்லை. ரப்பரை வாங்க ஆளில்லாததால் மரங்களை வெட்டிப்போட்டு, மாரியம்மன் கோயில் பூக்குழியை ஜம்மென்று தணலாக்கியிருந்தார்கள். குழியின் முடிவில் பாலுக்குப் பதில் மஞ்சள் தண்ணீர்.

பரஞ்சோதி காப்புக் கட்டியிருந்தான். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அய்யாவுமேல் அவனுக்கு ஆசை. ஆணுக்கு ஆண்மேல் இப்படியும் வருமா என்று தன்னையே காறித் துப்பாத நாளில்லை. அய்யாவு தன் ஆசையை வாய்விட்டுச் சொன்ன பிறகு இவன் இன்னும் பயந்துபோய், கிழங்குக் கொல்லையில்கூட அவன் நிற்கும் பக்கம் போகமாட்டான். இத்தனைக்கும் அய்யாவு சிரித்தால் இவனுக்கு அன்றைக்குப் பசி தெரியாது.

மனசில் குற்றம் உள்ளவன் காலைத் தீ சுடும் என்று தோட்டமே நம்பியது.

'தாயே, இது பாவம்னா என் காலைப் பொசுக்கிடு' என்று வேண்டிக்கொண்டு இறங்கினான். விறுவிறுவென்று நடந்து மஞ்சள் தண்ணீரைத் தாண்டினான். பூசாரி குழந்தைவேலு அவன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. பரஞ்சோதிக்கு ஊரையே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சந்தோஷம் வெற்றிலை போடும் நேரம்கூட நிலைக்கவில்லை. அவனுக்கு அடுத்து இறங்கிய அய்யாவு நொண்டிக்கொண்டு வந்தான். வலது பாதம் முழுக்கக் கொப்புளம். கூட்டம் குசுகுசுத்தது.

"என்னடா குத்தம் செஞ்ச? சொல்லிடு" என்றார் பூசாரி.

பரஞ்சோதி தன் பாதத்தை மறுபடியும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். தன்னை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டாளா அம்மன்?

அய்யாவுக்கோ சிரிப்பு. "குத்தமெல்லாம் இல்ல லா. முன்னால போனவன் காலு சுட்டுச்சான்னு பார்க்க நடுவுல நின்னுட்டேன். நெருப்புல நின்னா சுடாதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பரஞ்சோதிக்கு அப்போதுதான் உறைத்தது. தணல்மேல் நிற்கிறோம் என்பதே மறந்துபோகிற இந்தப் பிரியத்தையா இத்தனை வருஷம் பாவம் என்று திட்டிக்கொண்டிருந்தோம்? தன்மேல் கோபம் வந்தது, அழுகை வந்தது, பின்னாலேயே அடக்கமுடியாமல் சிரிப்பும் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தான். எல்லோரும் பார்க்க அய்யாவுவின் காலைத் தூக்கி மடியில் வைத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசினான்.

"விடுடா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று வாழ்க்கையிலேயே முதல்முறையாக அய்யாவு கூசினான்.

"பார்க்கட்டும் லா. காலை ஆட்டாத."